உங்க நாய்க்கு எக்ஸ்ரேயா? பிலிம் போய் டிஜிட்டல் வந்ததில் மாறியது என்ன, மாறாதது என்ன?

சோபாவிலிருந்து குதித்த நாய்க்குட்டி, ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டே நிற்கிறது. பால்கனியிலிருந்து விழுந்த பூனை, கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டு வெளியே வர மறுக்கிறது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஜீவன்கள். பதறிப்போய் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்க்கிறார், அழுத்திப் பார்க்கிறார், கடைசியில் சொல்கிறார்: "எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம்."

பிலிம் காலத்தில், இந்த வார்த்தைக்குப் பிறகு நல்ல நேரம் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது டிஜிட்டலுக்கு மாறிய கிளினிக்குகளில், நாயை மேஜையிலிருந்து இறக்குவதற்குள் படம் திரைக்கு வந்துவிடுகிறது. அடுத்த சில நிமிடங்களில் உங்க வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது.

'செம ஃபாஸ்ட்ல?' என்று தோன்றும். உண்மைதான். ஆனால், மாறியிருப்பது படத்தைப் பிடிக்கும் முறை மட்டுமே. நாயின் உடம்புக்குள் பாயும் கதிர், அன்றும் இன்றும் அதே கதிர்தான். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், டிஜிட்டல் எக்ஸ்ரேயில் எதை நம்பலாம், எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், முக்கியமாக நீங்க எங்கே நிற்கக் கூடாது என்பதெல்லாம் தெளிவாகிவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எக்ஸ்ரே என்பது ஒரு நிழல்

1895, நவம்பர் 8. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில், வில்ஹெல்ம் ரான்ட்ஜன் என்ற இயற்பியல் பேராசிரியர், கண்ணுக்குத் தெரியாத ஒரு புதிய கதிரைக் கண்டுபிடித்தார். அது என்னவென்று தெரியாததால் 'எக்ஸ்' என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி, தன் மனைவியின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும், விரலில் இருந்த மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது.

இன்று உங்க நாய்க்கு எடுப்பதும் அதே நிழல் படம்தான். மேலே ஒரு குழாயிலிருந்து கதிர் வருகிறது. உடம்பு அதில் கொஞ்சத்தைத் தடுக்கிறது. மிச்சம் கீழே இருக்கும் தட்டில் விழுகிறது. காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகத் தெரியும். கொழுப்பு அடர்ந்த சாம்பல். தசையும் ரத்தமும் இன்னும் வெளிர் சாம்பல். எலும்பு வெள்ளை. உலோகம் பளிச்சென்ற வெள்ளை. இந்த ஐந்து நிறங்களை வைத்துத்தான் டாக்டர் எல்லாவற்றையும் படிக்கிறார்.

பிலிமா, டிஜிட்டலா என்ற கேள்வி, அந்த நிழல் விழும் தட்டைப் பற்றியது மட்டும்தான்.

இருட்டறையில் பிறந்த படம்

பிலிம் மேல் வெள்ளி உப்புத் துகள்கள் பூசப்பட்டிருக்கும். அதை ஒளி புகாத கேசட்டுக்குள் வைப்பார்கள். கேசட்டின் உள்பக்கம் கதிர் பட்டால் ஒளிரும் திரைகள் இருக்கும். அந்த ஒளிதான் பிலிமில் பதியும். ஆனால், உடனே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கேசட்டை டார்க் ரூமுக்குக் கொண்டுபோய், மங்கிய சிவப்பு விளக்கில் திறந்து, ஹேங்கரில் மாட்டி, முதலில் டெவலப்பர் தொட்டியில் முக்க வேண்டும். பிறகு தண்ணீர். பிறகு ஃபிக்ஸர். மறுபடி ஓடும் தண்ணீரில் அலசல். கடைசியில் காயப்போட வேண்டும்.

கையால் டெவலப் செய்யும்போது, டெவலப்பரில் மட்டும் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 5 நிமிடம் என்பது பொதுவான கணக்கு. மே மாதம் சென்னையில் தொட்டியை 20 டிகிரியில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று யோசித்துப் பாருங்கள். ரசாயனம் சூடானால் படம் சீக்கிரமே கறுத்துவிடும். பழசாகிப்போனால் வெளிறிவிடும். பெரிய மருத்துவமனைகளில் இந்த வேலையை ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிக்கும் தானியங்கி இயந்திரங்கள் இருந்தன. சின்ன கிளினிக்கில் தொட்டிதான் கதி.

இன்னொரு தலைவலி, எவ்வளவு கதிர் கொடுப்பது என்ற கணக்கு. மனிதர்களில் பெரியவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கால்நடை மருத்துவரிடமோ காலையில் 2 கிலோ பொமரேனியன் குட்டி வரும், மதியம் 60 கிலோ கிரேட் டேன் வரும், நடுவில் ஒரு ஆமை வரும். அதனால் படமெடுக்க வேண்டிய இடத்தின் தடிமனை அளந்து, 'சென்டிமீட்டரை 2-ஆல் பெருக்கி 40-ஐக் கூட்டினால் வரும் எண்ணே கிலோவோல்ட்' என்பது போன்ற கணக்குகளை வைத்திருந்தார்கள். 10 சென்டிமீட்டர் என்றால் 60 கிலோவோல்ட். கணக்கு கொஞ்சம் பிசகினாலும் பிலிம் மன்னிக்காது. முழுக்கக் கறுப்பு, அல்லது முழுக்க வெளுப்பு.

இதில் நாய் கொஞ்சம் அசைந்துவிட்டால்? அது அசைந்தது என்பதே பிலிம் தொட்டியிலிருந்து வெளியே வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் மயக்க ஊசியின் வேகம் குறைந்து நாய் எழுந்து உட்கார்ந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து.

சி.ஆர்., டி.ஆர்.: இரண்டும் டிஜிட்டல்தான், ஆனால் ஒன்றில்லை

கிளினிக் போர்டில் 'டிஜிட்டல் எக்ஸ்ரே' என்று போட்டிருந்தால், அது இரண்டில் ஒன்றாக இருக்கலாம்.

சி.ஆர்.: கம்ப்யூட்டட் ரேடியோகிராபி. பார்க்கப் பழைய கேசட் மாதிரியேதான் இருக்கும். உள்ளே பிலிமுக்குப் பதில் ஒரு பாஸ்பர் தகடு. கதிர் பட்டதும் அந்த ஆற்றலைத் தகடு தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். கேசட்டை ரீடருக்குள் செருகினால், சிவப்பு லேசர் ஒன்று தகட்டை வரிவரியாக வருடும். தகடு பிடித்து வைத்த ஆற்றலை நீல ஒளியாக வெளியே விடும். அந்த ஒளியை அளந்து கணினி படமாக்கும். பிறகு பிரகாசமான வெளிச்சத்தைக் காட்டி அழித்துவிட்டு, அதே தகட்டை அடுத்த நாய்க்குப் பயன்படுத்தலாம். 1980-களில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த தொழில்நுட்பம் இது.

டி.ஆர்.: டிஜிட்டல் ரேடியோகிராபி. கேசட்டைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம். மேஜைக்கு அடியில் ஒரு தட்டையான பேனல் இருக்கும். கதிர் பட்டதும் அதன் மேலடுக்கு ஒளிரும். கீழடுக்கில் இருக்கும் லட்சக்கணக்கான நுண்ணிய ஒளி உணரிகள் அதை மின்சாரமாக மாற்றும். சில நொடிகளில் படம் திரையில். உங்க போன் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரின் மிகப் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய எக்ஸ்ரே மெஷினை அப்படியே வைத்துக்கொண்டு பிலிமுக்குப் பதில் சி.ஆர். தகட்டைப் போட முடியும் என்பதால், பல கிளினிக்குகள் முதலில் சி.ஆருக்கு மாறின. டி.ஆர். பேனலையும் பல பழைய மெஷின்களோடு இணைக்கலாம். ஆனால், பேனல் விலை அதிகம். கீழே விழுந்தால் உடைந்துவிடும். 40 கிலோ லாப்ரடார் துள்ளிக் குதிக்கும் அறையில் அது சின்ன கவலை இல்லை!

நிஜமான லாபங்கள் எவை?

முதல் லாபம், கணக்கில் சின்னப் பிசகு நேர்ந்தாலும் படம் தேறிவிடுவது. பிலிம் பிடிக்கும் கறுப்பு-வெள்ளை வரம்பு குறுகியது. டிஜிட்டல் தட்டின் வரம்பு மிக அகலம். ஒரே படத்தில் எலும்பையும் பார்க்கலாம், திரையில் வெளிச்சத்தை மாற்றி நுரையீரலையும் பார்க்கலாம். பிலிமில் இதற்கு இரண்டு தனித்தனி படங்கள் தேவைப்பட்டிருக்கும்.

இரண்டாவது, நாய் மேஜையில் இருக்கும்போதே தவறு தெரிந்துவிடுவது. 'கால் கொஞ்சம் திரும்பியிருக்கு, நேராக்கி இன்னொண்ணு எடுத்துக்கலாம்' என்று டாக்டர் அந்த நிமிடமே முடிவெடுக்கலாம். அடிபட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு பூனைக்கு, இந்தச் சில நிமிடங்கள் பெரிய விஷயம்.

மூன்றாவது, அளவெடுப்பது. நாயின் இதயம் பெரிதாகியிருக்கிறதா என்று பார்க்க, இதயத்தின் நீளத்தையும் அகலத்தையும் முதுகெலும்புக் கணுக்களோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடுவார்கள். 1995-ல் வெளியான முறை இது. நாய்களுக்குச் சராசரி 9.7 கணு. 10.5-ஐத் தாண்டினால் டாக்டரின் புருவம் உயரும். இனத்துக்கு இனம் இந்த எண் கொஞ்சம் மாறும் என்பதால், எண்ணை மட்டும் பார்த்து நீங்களே பயந்துவிட வேண்டாம். முன்பு இதைப் பிலிம் மேல் ஸ்கேலும் பேப்பரும் வைத்து அளந்தார்கள். இப்போது மவுஸால் இரண்டு கோடு இழுத்தால் போதும். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தைப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடவும் முடியும்.

நான்காவது, இரண்டாவது கருத்து. உங்க ஊர் டாக்டர் சந்தேகமான ஒரு படத்தை, வேறு ஊரில் இருக்கும் எக்ஸ்ரே நிபுணருக்கு உடனே அனுப்பிக் கேட்கலாம். பிலிமை பஸ்ஸில் கொடுத்து அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

ஐந்தாவது, சாக்கடை. டெவலப்பரும், வெள்ளி கலந்த பழைய ஃபிக்ஸரும் சும்மா கொட்டிவிடக்கூடிய திரவங்கள் இல்லை. அந்தப் பிரச்னையே இப்போது காணாமல் போயிருக்கிறது.

ஒரு விஷயத்தைப் பிலிமுக்கு நியாயமாகச் சொல்லியாக வேண்டும். மிக நுண்ணிய கோடுகளைப் பிரித்துக் காட்டுவதில் நல்ல பிலிம் இன்றைய பல டிஜிட்டல் பேனல்களைவிடக் கூர்மையானது. ஆனால், சாம்பல் நிறத்தின் சின்னச் சின்ன வித்தியாசங்களைக் காட்டுவதிலும், படத்தைத் திருத்திப் பார்ப்பதிலும் டிஜிட்டல் முந்துவதால், அந்தக் குறை பெரும்பாலும் தெரிவதில்லை.

அழகான படத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி.

பிலிம் காலத்தில், கதிரைக் கூடுதலாகக் கொடுத்தால் படம் கறுத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த முறை டாக்டர் குறைத்துவிடுவார். டிஜிட்டலில் அப்படி இல்லை. கதிர் குறைந்தால் படம் புள்ளிப்புள்ளியாக, இரவில் எடுத்த போன் போட்டோ மாதிரி ஆகிவிடும். கூடினால்? கணினி வெளிச்சத்தைச் சரிசெய்து அழகான, வழுவழுப்பான படமாகக் கொடுத்துவிடும். பார்ப்பவருக்கு எந்தத் தவறும் தெரியாது.

விளைவு என்ன? 'கொஞ்சம் கூட்டியே வெச்சா படம் நல்லா வருது' என்ற பழக்கம் மெள்ள மெள்ள வளரும். எடுக்கப்படும் ஒவ்வொரு படத்திலும் தேவைக்கு மேல் கதிர். இதோடு, ஒரு படம் எடுக்க பிலிம் செலவு, ரசாயனச் செலவு எதுவும் இல்லை என்பதால், 'எதுக்கும் இன்னொண்ணு' என்ற ஆசையும் சேர்ந்துகொள்ளும். 'டிஜிட்டல் என்றாலே கதிர் கம்மி' என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதிதான் உண்மை. கவனமாக அளவைக் குறைப்பவர் கையிலும், மறுபடி மறுபடி எடுக்காதவர் கையிலும் கம்மி. மற்றவர் கையில் அதிகமாகவும் ஆகலாம்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டிஜிட்டல் கருவிகள் ஒவ்வொரு படத்தோடும், தட்டில் எவ்வளவு கதிர் விழுந்தது என்பதை ஓர் எண்ணாகக் காட்டும். 'எக்ஸ்போஷர் இண்டெக்ஸ்' என்று பெயர். பல கருவிகளில் 'டீவியேஷன் இண்டெக்ஸ்' என்ற இன்னோர் எண்ணும் இருக்கும். அது 0 என்றால் அளவு கச்சிதம். +3 என்றால் தேவையைப்போல சுமார் இரண்டு மடங்கு விழுந்திருக்கிறது. -3 என்றால் பாதிதான் விழுந்திருக்கிறது. படம் அழகாக இருக்கிறதா என்பதோடு இந்த எண்ணையும் பார்க்கும் டாக்டர் கிடைத்தால், நீங்க அதிர்ஷ்டசாலி.

"மயக்க ஊசி வேண்டாம் டாக்டர், நாங்களே பிடிச்சுக்கிறோம்!"

கிளினிக்குகளில் பாசத்தோடு சொல்லப்படும் வசனம் இது. ஆனால், இந்தக் கட்டுரையில் நீங்க ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால், அது இந்த வசனத்தைச் சொல்லக் கூடாது என்பதாக இருக்கட்டும்.

கிளாரன்ஸ் டாலி என்பவர் அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசனின் ஆய்வுக்கூட உதவியாளர். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட புதிதில், குழாய்களைச் சோதிப்பதற்காகத் தன் கைகளையே திரும்பத் திரும்பக் கதிரில் நீட்டியவர். கைகளில் புண் வந்தது. புற்றுநோயானது. கைகளை வெட்டி எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. 1904-ல் இறந்துபோனார். அதற்குப் பிறகு எக்ஸ்ரே ஆராய்ச்சிப் பக்கமே எடிசன் போகவில்லை.

இன்றைய மெஷின்கள் அன்றைய குழாய்கள் போன்றவை இல்லை. ஒரு முறை நாய் எக்ஸ்ரே அறையில் நின்றதால் உங்களுக்கு எதுவும் ஆகிவிடாது. அந்த அளவு மிக மிகக் குறைவு. ஆனால், தினமும் நான்கைந்து நாய்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிளினிக் உதவியாளரின் கைகளை நினைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் சேரும் கதிர் அது. மனித மருத்துவமனையில் 'மூச்சைப் பிடிச்சுக்கோங்க, அசையாதீங்க' என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவார். நாயிடம் அப்படிச் சொல்ல முடியாது என்பதால், கால்நடை எக்ஸ்ரேயில்தான் மனிதக் கைகள் கதிருக்கு இவ்வளவு பக்கத்தில் போகின்றன. பிலிம் போய் டி.ஆர். வந்ததில் இந்த நிலைமை தானாக மாறிவிடவில்லை.

தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

* இந்தியாவில் எக்ஸ்ரே பாதுகாப்பைக் கண்காணிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிர் வேலையில் இருப்பவர்களுக்கு வரம்பு, 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். ஊழியர்கள் சட்டையில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜ், அவர்கள் வாங்கிய அளவைக் கணக்கு வைக்கத்தான்.

* காரீய ஏப்ரனும் காரீயக் கையுறையும் தடுப்பது, நாயின் உடம்பில் பட்டுச் சிதறி வரும் கதிரை. நேராக வரும் கதிருக்குள் கையை நீட்ட அவை அனுமதிச் சீட்டு கிடையாது. படத்தின் ஓரத்தில் மனித விரல் எலும்புகள் தெரிந்தால், யாரோ ஒருவரின் கை இருக்கக் கூடாத இடத்தில் இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

* தூரம்தான் மிகச் சிறந்த பாதுகாப்பு. இரண்டு மடங்கு தள்ளி நின்றால், உங்க மேல் படும் கதிர் கால் பங்காகிவிடும்.

* கர்ப்பிணிகளும், 18 வயதுக்கு உட்பட்டவர்களும் நாயைப் பிடிக்க உள்ளே போகவே கூடாது. 'அவன் பிடிச்சாதான் நாய் அடங்கும்' என்று வீட்டுப் பையனை அனுப்பாதீர்கள்.

* பட்டனிலிருந்து விரலை எடுத்ததும் கதிர் நின்றுவிடும். நாயின் உடம்பில் எதுவும் தங்காது. வீட்டுக்கு வந்ததும் கர்ப்பிணியோ குழந்தையோ தாராளமாகக் கொஞ்சலாம்.

அப்படின்னா நாயை யார்தான் பிடிப்பது? மணல் மூட்டைகள், ஃபோம் ஆப்புகள், கயிறுகள், தேவைப்பட்டால் லேசான மயக்கம். மயக்க ஊசி என்றதும் பயப்படுகிறோம். ஆனால், உடைந்த காலை நான்கு பேர் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும்போது நாய்க்கு வரும் வலியையும் மிரட்சியையும் யோசியுங்கள். மயக்கத்தில் தசை தளர்ந்தால் படம் முதல் முறையிலேயே நேராக வரும். இடுப்பு மூட்டுப் பிரச்னையைப் பார்க்கும் படத்துக்குத் தசை தளர்வது ரொம்பவே முக்கியம்.

எல்லா நேரமும் மயக்கம் சரிப்படாது என்பதும் உண்மை. வயது, இதய நிலை பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். மூச்சுத் திணறலோடு வரும் நாய், பூனைகளை மல்லாக்கப் படுக்கவைப்பதே ஆபத்து. முதலில் ஆக்சிஜன் கொடுத்து நிலைப்படுத்திவிட்டு, குப்புறப் படுத்த நிலையிலேயே எடுப்பார்கள். 'முதல்ல எக்ஸ்ரே எடுங்க டாக்டர்' என்று அந்த நேரத்தில் அவசரப்படுத்தாதீர்கள்.

டிஜிட்டலாலும் காட்ட முடியாதவை

நிழலில் விழாதது எந்தத் தட்டிலும் தெரியாது. உங்க நாய் விழுங்கிய சாக்ஸ், பிளாஸ்டிக் பை, ரப்பர், மரக்குச்சி இவையெல்லாம் எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாமல் போகலாம். குடலில் காற்று தேங்கியிருக்கும் விதத்தை வைத்து டாக்டர் சந்தேகப்படுவார். உறுதிசெய்ய அல்ட்ராசவுண்டோ, மருந்து கொடுத்து எடுக்கும் எக்ஸ்ரேயோ தேவைப்படும். மூளை, தண்டுவடம், மூட்டுத் தசைநார் போன்றவையும் அப்படித்தான். மயிரிழை விரிசல் முதல் நாள் தெரியாமல் இருந்துவிட்டு, 7-10 நாள் கழித்து எடுக்கும் படத்தில் தெரியலாம். 'பத்து நாள் கழிச்சு மறுபடி எடுக்கணும்' என்று டாக்டர் சொன்னால், பணம் பறிக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

ஒரு படம் மட்டும் போதாது என்பதும் இதே காரணத்தால்தான். நிழல் தட்டையானது. பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று என்று குறைந்தது இரண்டு கோணங்கள் வேண்டும். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மூன்று கோணங்கள் எடுப்பது வழக்கம்.

குட்டிகளின் கால் எலும்பு நுனிகளில் கறுப்புக் கோடு ஒன்று தெரியும். அது எலும்பு வளரும் இடம். முறிவு என்று பதற வேண்டாம். சந்தேகம் வந்தால் டாக்டர் இன்னொரு காலையும் எடுத்து ஒப்பிடுவார். அதேபோல, அறுவை சிகிச்சையில் பொருத்திய உலோகத் தகட்டைச் சுற்றி டிஜிட்டல் படத்தில் ஒரு கறுப்பு வளையம் தெரியலாம். எலும்பு கரைந்து தகடு ஆடுவதாகத் தோன்றும். சில நேரம் அது படத்தைக் கூர்மையாக்கும் மென்பொருள் செய்யும் வேலைதான். பிலிம் காலத்தில் இல்லாத, டிஜிட்டல் கொண்டுவந்த புது மாயை இது. இதையெல்லாம் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் அனுபவமுள்ள கண் வேண்டும்.

படம் உங்க போனுக்கு வரும்போது...

திரையில் இருக்கும் எக்ஸ்ரேயை போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது எல்லோரும் செய்வதுதான். வீட்டில் காட்ட அது போதும். இன்னொரு டாக்டரிடம் கருத்து கேட்க அது போதாது.

காரணம் எளிது. சாதாரண போட்டோவில் ஒரு புள்ளிக்கு 256 சாம்பல் நிறங்கள். எக்ஸ்ரேயின் அசல் கோப்பில் பொதுவாக 4,096 அல்லது அதற்கும் மேல். வாட்ஸ்அப் அதையும் நசுக்கித்தான் அனுப்பும். நுரையீரலில் இருக்கும் மெல்லிய நிழல் இந்த வழியில் காணாமலே போய்விடலாம்.

அசல் கோப்பின் பெயர் 'டைகாம்'. 1993 முதல் இந்தப் பெயரில் இருக்கும் இந்த முறையைத்தான் உலகம் முழுக்க மருத்துவமனைகள் பின்பற்றுகின்றன. கோப்புக்குள்ளேயே பெயர், தேதி எல்லாம் இருக்கும். விலங்குகளுக்காக இனம், ரகம், 'பொறுப்பாளர் யார்' என்பதற்குக்கூடத் தனிக் கட்டங்கள் உண்டு. அந்தப் பொறுப்பாளர் நீங்கதான்! பென் டிரைவிலோ, மெயிலிலோ இந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்தான் வழி என்றால் போட்டோவாக அனுப்பாமல், கோப்பை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போனில் இதைத் திறக்கும் ஆப்களும் இருக்கின்றன.

அடுத்த முறை எக்ஸ்ரேவுக்குப் போகும்போது

* கிளம்பும் முன் போன் செய்து, வெறும் வயிற்றில் கொண்டு வரணுமா என்று கேளுங்கள். மயக்கம் கொடுக்க நேர்ந்தால் இது முக்கியம். குட்டிகளை நீங்களாகவே பட்டினி போடாதீர்கள்.

* கழுத்துப்பட்டை, மணி, ஹார்னஸைக் கழற்றிவிடுங்கள். ஈர முடியும் ஒட்டியிருக்கும் மண்ணும்கூடப் படத்தில் நிழலாக விழும். மைக்ரோசிப் போட்டிருந்தால் அரிசி மணி போல ஒன்று தெரியும். பயப்பட வேண்டாம்.

* கர்ப்பமான நாய்க்கு எத்தனை குட்டி என்று எண்ணிப் பார்க்க ஆசையா? குட்டிகளின் எலும்பு எக்ஸ்ரேயில் தெரிய சுமார் 45 நாளாகும். 55 நாளுக்கு மேல் எடுத்தால்தான் எண்ணிக்கை ஓரளவு சரியாக இருக்கும்.

* எத்தனை கோணங்கள் எடுக்கப்போகிறீர்கள், யார் பிடிக்கப்போகிறார்கள், மயக்கம் தேவையா என்று தயங்காமல் கேளுங்கள். உங்களை வெளியே நிற்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அது நல்ல கிளினிக்கின் அடையாளம்.

* படத்தில் 'இடது', 'வலது' குறி இருக்கிறதா என்று பாருங்கள். டிஜிட்டல் படத்தை ஒரு க்ளிக்கில் இடவலமாகத் திருப்பிவிட முடியும் என்பதால், எடுக்கும்போதே வைக்கப்படும் குறிதான் நம்பகமானது.

* பழைய படங்களை அழிக்காதீர்கள். நாய் கிழடாகும்போது, அதன் இளம் வயதுப் படம்தான் ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைக்கும் சிறந்த துணை.

உங்க ஊர் கிளினிக்கில் இன்னும் பிலிம்தான் இருக்கிறதா? அதற்காக உடனே வேறு இடம் தேடி ஓட வேண்டிய அவசியம் இல்லை. நாயைச் சரியாகப் படுக்கவைத்து, இரண்டு கோணத்தில் எடுத்து, யார் கையும் கதிருக்குள் போகாமல் பார்த்துக்கொண்டு, நிதானமாகப் படத்தைப் படிக்கும் டாக்டரிடம் பழைய பிலிம்கூட உண்மையைச் சொல்லும். அந்தக் கவனம் இருக்கும் இடத்துக்கு டிஜிட்டல் வரும்போதுதான் நிஜமான மாற்றம். வீட்டுக்கு வரும் நாயும், அதற்கு எக்ஸ்ரே எடுத்த உதவியாளரின் கைகளும் பத்திரமாக இருக்க வேண்டும், இல்லையா?